திருப்பாச்சேத்தி அரிவாளை சென்னைக்குக் காரில் கொண்டு வரலாமா?

கேள்வி: எனக்குச் சொந்த ஊர் மானாமதுரைப் பக்கம், இருப்பது சென்னையில். செங்கல்பட்டு அருகே அரை ஏக்கரில் தென்னை வைத்திருக்கிறேன். மட்டை கழிக்கவும் காய் வெட்டவும் திருப்பாச்சேத்திப் பட்டறையில் சொல்லி இரண்டு அரிவாள் அடித்து வாங்க ஆசை. தீபாவளிக்கு ஊருக்குப் போய்விட்டுத் திரும்பும்போது காரில் எடுத்து வந்தால் போலீஸ் பிடிக்குமா? கல்லூரியில் படிக்கும் மகன், பொத்தானை அழுத்தினால் விரியும் கத்தி ஒன்றை ஆன்லைனில் வாங்கி வைத்திருக்கிறான். மலையேற்றத்துக்கு என்கிறான். அது சரியா? இரவுப் பணிக்குப் போகும் என் மனைவி, பாதுகாப்புக்காகக் கைப்பையில் சின்னக் கத்தி வைத்துக்கொள்ளலாமா?

பதில்: அரிவாளைக் கொண்டு வரலாம். எப்படிக் கொண்டு வருகிறீர்கள், எந்தத் தேதியில் வருகிறீர்கள் என்பதில்தான் சூட்சுமம். மகன் கத்தியும் மனைவி கத்தியும் வேறு கதை.

1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம், தாக்குவதற்கோ தற்காப்புக்கோ ஆயுதமாக வடிவமைத்த அல்லது அப்படி மாற்றிய எந்தப் பொருளையும் 'ஆயுதம்' என்கிறது. வீட்டு வேலைக்கும் விவசாயத்துக்கும் மட்டுமே என்று செய்யப்பட்டவற்றை அதே விளக்கம் விலக்கியும் விடுகிறது. அதனால்தான் அடுப்படியில் இருக்கும் அரிவாள்மணைக்கு யாரும் லைசென்ஸ் கேட்பதில்லை. கதிர் அரிவாள், பாளை அரிவாள், மட்டை வெட்டும் அரிவாள் எல்லாம் இந்த விலக்கில் வரும். உங்கள் அரிவாளும் அப்படித்தான், நீங்கள் ஆர்டர் கொடுக்கும்போது கெடுத்துக்கொள்ளாத வரை.

ஏன் இப்படிச் சொல்கிறேன் என்றால், பட்டறைக்குப் போனதும் பலருக்குக் கை பரபரக்கும். "நல்லா ரெண்டரை அடிக்கு, வளைச்சு, வீச்சரிவாள் மாதிரி அடிங்கண்ணே" என்பார்கள். தென்னை மட்டைக்கு எதற்கு வீச்சரிவாள்? தோட்டத்துக்கு எது வேண்டுமோ அதை மட்டும் கேளுங்கள். ஐயனாருக்கு நேர்ந்துகொண்டு அடிக்கும் ஆளுயர அரிவாள் கோயில் வாசலோடு நிற்க வேண்டிய பொருள். அதை டிக்கியில் வைத்துக்கொண்டு நெடுஞ்சாலையில் வராதீர்கள்.

அடுத்து, எல்லோரும் அரைகுறையாகத் தெரிந்து வைத்திருக்கும் அந்த ஒன்பது அங்குலக் கணக்கு. "ஒம்பது இஞ்சுக்குக் கீழ இருந்தா கேஸ் கிடையாது சார்" என்று என் வக்கீல் அலுவலகத்தில் உட்கார்ந்து சொல்லாத கட்சிக்காரர் குறைவு. ஆயுத விதிகளின் அட்டவணையில் வாள், குத்துவாள், ஈட்டி ஆகியவற்றோடு, அலகு 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கத்திகளும் வருகின்றன. வீட்டு, விவசாய, அறிவியல், தொழில் வேலைக்கான கத்திகளுக்கு அங்கேயும் விலக்கு உண்டு. அதனால் ஓட்டல் மாஸ்டரின் பத்து அங்குலக் கத்தியில் தவறில்லை. அதற்காக எட்டு அங்குலச் சூரிக்கத்திக்கு முழு விடுதலை என்றும் ஆகிவிடாது. இந்த வகை ஆயுதத்துக்கு லைசென்ஸ் கட்டாயம் என்பதே, மத்திய அரசு ஆயுதச் சட்டத்தின் 4-ஆம் பிரிவின்கீழ் அறிவிக்கை வெளியிட்டுள்ள பகுதிகளில்தான். இடத்துக்கு இடம் அளவும் மாறும். டெல்லியில் 1980-இல் வந்த அறிவிக்கை 7.62 சென்டிமீட்டர் நீளம், 1.72 சென்டிமீட்டர் அகலம் என்ற அளவிலேயே பொத்தான், ஸ்பிரிங் போன்ற விசையில் விரியும் கத்திகளைப் பிடித்துவிடுகிறது. ஆகவே ஸ்கேலை மட்டும் நம்பிக் கிளம்பாதீர்கள்.

அளவு என்றதும் ஒரு வழக்கு ஞாபகம் வருகிறது. சமையல் மாஸ்டர் ஒருவர் கல்யாண வேலை முடித்து நள்ளிரவில் பைக்கில் வருகிறார். துண்டில் சுருட்டிய மூன்று கத்திகள் வண்டியின் பக்கவாட்டில் செருகியிருக்கின்றன. சோதனையில் மடக்கியதும் பயந்துபோய் வண்டியைத் திருப்பிவிட்டார். அது போதாதா? கைப்பற்றுதல் மகஜரில் (கைப்பற்றிய பொருளைப் பற்றிப் போலீஸ் எழுதும் ஆவணம்) "சுமார் ஒன்றரை அடி நீளமுள்ள கத்தி" என்று ஏறிவிட்டது. கைப்பிடியோடு சேர்த்து அளந்த அளவு அது. அலகை மட்டும் தனியாக அளந்தபோது எட்டரை அங்குலம்தான் இருந்தது. அதை நிரூபித்து வெளியே வருவதற்குள் அவருக்கு ஒரு முகூர்த்த சீசன் போய்விட்டது. உங்களிடம் எதையாவது கைப்பற்றினால், அலகின் நீளத்தையும் அகலத்தையும் தனித்தனியாக எழுதச் சொல்லிக் கேளுங்கள். எப்படிக் கட்டியிருந்தது, வண்டியில் எங்கே இருந்தது என்பதும் மகஜரில் வரட்டும். கைப்பற்றுவதை வீடியோ எடுக்க வேண்டும் என்று பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்தது) 105-ஆம் பிரிவு சொல்கிறது. மரியாதையாக அதை நினைவுபடுத்துவதில் தவறில்லை.

அரிவாளைச் சாணை பிடிக்காமலே வாங்குங்கள், கருக்கு ஏற்றுவதைச் செங்கல்பட்டில் பார்த்துக்கொள்ளலாம். எண்ணெய் தடவி, சாக்கில் சுற்றி, சணலால் இறுக்கிக் கட்டி டிக்கியின் அடியில் போடுங்கள். ஓட்டுநர் இருக்கைக்கு அடியில் வேண்டாம். எட்டி எடுக்கிற தூரத்தில் இருக்கும் அரிவாளுக்கு விவசாயக் கதை எடுபடாது. பட்டறையில் ஒரு துண்டுச் சீட்டாவது பில்லாக வாங்கிக்கொள்ளுங்கள். 2021 செப்டம்பரில் மாநிலம் முழுக்க ரவுடிகள் மீது போலீஸ் பெரிய வேட்டை நடத்தியபோது, வாங்குபவர் பெயர், முகவரி, போன் நம்பர் எழுதி வைக்க வேண்டும் என்று பட்டறைகளுக்குச் சொன்னார்கள். உங்களிடமும் கேட்டால் சங்கடப்படாமல் கொடுங்கள். நாளைக்கு அந்த நோட்டுதான் உங்கள் சாட்சி. வழியில் நிறுத்திக் கேட்டால் "தோப்புக்கு வாங்கின அரிவாள் இருக்கு சார்" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். நீங்களாக எடுத்துக் காட்டப் போகாதீர்கள், அவர்களே எடுத்துப் பார்க்கட்டும்.

டோல்கேட்டில் யாரோ ஒருவரோடு வாய்த்தகராறு வந்து அரிவாளை எடுத்து ஓங்கினால், அது விவசாயக் கருவி என்ற வாதம் அங்கேயே செத்துவிடும். பாரதிய நியாய சன்ஹிதாவில் (பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்தது) மிரட்டலுக்கு 351-ஆம் பிரிவு இருக்கிறது, வெட்டுக்காயம் பட்டால் 118. காய்கறிக் கத்தியே ஆனாலும் அங்கே அதை ஆபத்தான ஆயுதமாகத்தான் பார்ப்பார்கள். பட்டாக்கத்தியால் பிறந்தநாள் கேக் வெட்டி வீடியோ போட்ட பையன்கள் எத்தனை பேர் மீது வழக்கு பாய்ந்தது என்பதைச் செய்தியில் பார்த்திருப்பீர்கள். அரிவாளோடு நின்று வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் வைக்கும் ஆசை இருந்தால் அதையும் விட்டுவிடுங்கள்.

மகனுடைய கத்தியைத் திருப்பி அனுப்பிவிடுங்கள். பொத்தானில் விரியும் கத்தி காய் நறுக்கவும் இல்லை, கதிர் அறுக்கவும் இல்லை. பெட்டியில் 'கேம்பிங்' என்று போட்டிருப்பதாலோ ஆன்லைனில் கிடைப்பதாலோ அது சட்டப்படி சரியாகிவிடாது. பொத்தான் கத்தி வைத்திருந்ததாக டெல்லியில் போட்ட ஒரு வழக்கை 2025-இல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது உண்மை. மேலே சொன்ன 1980 டெல்லி அறிவிக்கை விற்பனை போன்ற நோக்கத்தோடு வைத்திருப்பதைப் பற்றியது, குற்றப்பத்திரிகையில் அப்படி எதுவும் சொல்லப்படவில்லை என்பதுதான் காரணம். ஆனால் அந்த நீதி கிடைக்க ஒருவர் உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. அதிலும் சென்னையில் கல்லூரி மாணவன் பையில் கத்தி என்றால், பேருந்தில் பட்டாக்கத்தியோடு மோதிய 2019 அரும்பாக்கம் சம்பவம்தான் எல்லோருக்கும் ஞாபகம் வரும். மலையேற்றத்துக்குச் சாதாரண மடக்குக் கத்தி போதும். விமானத்தில் போனால் அதைக் கைப்பையில் வைக்காமல், உறையிட்டு செக்-இன் பெட்டியில் போடச் சொல்லுங்கள். உள்நாட்டு விமானத்தில் அலகு 6 அங்குலத்துக்கு மிகாத கிர்பான் அணிந்து ஏறச் சீக்கியர்களுக்கு அனுமதி உண்டு. அரசியல் சாசனத்தின் 25-ஆவது பிரிவே அவர்களுக்கு அந்த உரிமையைத் தந்திருக்கிறது. அதை மற்றவர்கள் உதாரணம் காட்ட முடியாது.

உங்கள் மனைவி விஷயத்தில் எனக்குத் தயக்கம் உண்டு, சொல்லிவிடுகிறேன். தாக்க வந்தவனைத் தேவையான அளவுக்குத் திருப்பித் தாக்கும் உரிமை எல்லோருக்கும் இருக்கிறது. நியாய சன்ஹிதாவில் 34 முதல் 44 வரை அதைத்தான் பேசுகின்றன. ஆனால் "தற்காப்புக்கு வைத்திருக்கிறேன்" என்று சொன்னாலே, வீட்டு உபயோகம் என்ற விலக்கை நீங்களே கைவிட்டதாகிவிடும். ஆயுதம் என்பதன் விளக்கத்திலேயே தற்காப்பு என்ற சொல் இருப்பதை மேலே சொன்னேன். பழக்கமில்லாத கையில் இருக்கும் கத்தியை எதிரில் இருப்பவன் பறிப்பதும் எளிது. இரவுப் பணிக்கு அழைக்கும் நிறுவனத்திடம் வீட்டு வாசல் வரை வண்டி கேளுங்கள், எழுத்தில் கேளுங்கள். அவசர உதவிக்கு 112, பெண்கள் உதவிக்கு 181, இரண்டு எண்களும் போனில் ஒரே தட்டில் அழைக்கிற மாதிரி இருக்கட்டும்.

கடைசியாகத் தேதி. செப்டம்பர் 11 இமானுவேல் சேகரன் நினைவு நாளையும் அக்டோபர் 30 தேவர் குருபூஜையையும் ஒட்டி ராமநாதபுரம் மாவட்டத்தில் தடை உத்தரவு போடுவது வழக்கம். முன்பு 144 என்போமே, இப்போது அது நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 163-ஆம் பிரிவு. திருப்பாச்சேத்தியும் மானாமதுரையும் சிவகங்கை மாவட்டம்தான் என்றாலும், மதுரையிலிருந்து அந்தப் பக்கம் போகும் கூட்டம் அந்தச் சாலை வழியாகத்தான் போகும். வண்டிக்கு வண்டி டிக்கியைத் திறந்து பார்ப்பார்கள். அந்த நாட்களில் உங்கள் பில்லையும் சாக்கையும் பார்த்து நிதானமாக யோசிக்க யாருக்கும் நேரம் இருக்காது. தீபாவளி அக்டோபர் கடைசியை ஒட்டி வரும் ஆண்டில், போகும்போது ஆர்டரை மட்டும் கொடுத்துவிட்டுப் பொங்கலுக்குப் போய் வாங்கிக்கொள்ளுங்கள். கை நிறைய வேலை வைத்திருக்கும் கொல்லர் எப்படியும் அதுவரை இழுத்துவிடுவார்.