ஒரே மாத்திரை, மூன்று வருத்தம்

அன்புள்ள அக்கா,

அம்மா தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்து ஓய்ந்தவர். இழுப்பு, அதாவது ஆஸ்துமா, இருக்கிறது. கிளினிக்கில் கொடுத்த நீலப் பம்ப்பை அடித்தால் கை நடுங்குது, நெஞ்சு படபடக்குது என்கிறார். பக்கத்து லயத்து மாமி, தான் பிரஷருக்குப் போடும் புரொப்ரனலோலில் ஒரு அட்டையைப் படபடப்புக்கு நல்லது என்று கொடுத்திருக்கிறார். தங்கைக்கும் அதே மாத்திரையை ஒற்றைத் தலைவலிக்கு எழுதியிருக்கிறார்கள். ஒன்றையே எல்லாவற்றுக்கும் கொடுத்து நம் சனத்தை ஏமாற்றுகிறார்களா?

ஒரு வாசகர், பொகவந்தலாவ

அன்புள்ள தம்பி,

முதலில் அந்த அட்டையை மாமியிடமே கொடுத்துவிடுங்கள். அம்மா ஏற்கெனவே போட்டு மூச்சு இறுகியிருந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். மீதியை அப்புறம் வாசிக்கலாம்.

ஏமாற்று இல்லை. ஆனால் சந்தேகம் வந்ததில் தப்பும் இல்லை. எதைச் சொன்னாலும் ஒரே வெள்ளை மாத்திரையை வாங்கிப் பழகிய சனம்தானே நாம்.

இதயம், மூச்சுக்குழாய், கைத்தசை எல்லாவற்றிலும் அட்ரினலினை, அதாவது பயத்திலும் பதற்றத்திலும் உடம்பில் சுரக்கும் ஹார்மோனை, வாங்கிக்கொள்ளும் ஏற்பிகள் இருக்கின்றன. அவை ஒரே வகையல்ல என்று 1948இல் ரேமண்ட் ஆல்குவிஸ்ட் ஆல்பா, பீட்டா எனப் பிரித்தார். பிறகு பீட்டாவும் பிரிந்தது: இதயத்தில் பெரும்பாலும் பீட்டா 1, மூச்சுக்குழாய்த் தசையில் பீட்டா 2. அட்ரினலின் பீட்டா ஏற்பியில் ஒட்டினால் உயிரணுவுக்குள் சைக்ளிக் ஏஎம்பி என்ற சிறு மூலக்கூறு பெருகும். அதைக் கண்டுபிடித்த ஏர்ல் சதர்லண்டுக்கு 1971இல் நோபல் பரிசு கிடைத்தது. எனக்கு இன்றும் வியப்புத் தருவது அடுத்த படிதான். அதே மூலக்கூறு இதயத்தை வேகமாகச் சுருங்க வைக்கிறது, மூச்சுக்குழாயைத் தளர வைக்கிறது. அந்தக் காலத்தில் காலையில் வேலைக்கு ஆள் கூடும் பெரட்டுக்குத் தப்பு மேளம் ஒன்றுதான் அடித்தார்கள். அதைக் கேட்டுக் கொழுந்துக்காரர் மலைக்கும் மற்றவர் ஸ்டோருக்கும் (தேயிலை ஆலைக்கும்) போகவில்லையா, அப்படி.

அம்மாவின் பம்ப்பில் இருக்கும் சல்பியூட்டமோல் பீட்டா 2ஐத் தூண்டி மூச்சைத் திறக்கிறது. கைத்தசையிலும் பீட்டா 2 இருப்பதால் நடுக்கம் வரும். பெரும்பாலும் கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும். ஆனால் அடிக்கடி பம்ப் தேவைப்பட்டால் குழாயின் உள்வீக்கம் தணியவில்லை என்று அர்த்தம். அதற்கான ஸ்டீராய்ட் பம்ப் பற்றிக் கிளினிக்கில் கேளுங்கள்.

புரொப்ரனலோல் இதற்கு நேர் எதிர். இதயத்தின் வேலைச்சுமையைக் குறைக்க 1960களில் ஜேம்ஸ் பிளாக்கின் குழு உருவாக்கியது. 1988இல் நோபல் பெற்றவர்களில் அவரும் ஒருவர். அது பீட்டா 1, 2 இரண்டையும் அடைத்துவிடும். அதனால்தான் பிரஷர், நடுக்கம், ஒற்றைத் தலைவலித் தடுப்பு என்று பல வருத்தங்களுக்கு எழுதுகிறார்கள். இழுப்புக்காரருக்கு அதுவே மூச்சுக்குழாயை இறுக்கும், பம்ப்பையும் சரியாக வேலை செய்ய விடாது. தங்கைக்கும் இழுப்பு இருந்தால் எழுதிய டாக்டரிடம் சொல்லட்டும். மாமி தன் மாத்திரையைத் திடீரென நிறுத்தக் கூடாது.

சாயத் தண்ணி (பால் சேர்க்காத தேநீர்) இழுப்புக்கு நல்லதா என்று யாராவது கேட்பார்கள், சொல்லிவிடுகிறேன். 1888இல் ஆல்பிரெக்ட் கொசெல் தேயிலையிலிருந்துதான் தியோபிலினைப் பிரித்தெடுத்தார். அது சைக்ளிக் ஏஎம்பி சிதைவதைத் தடுக்கும். இழுப்புக்கு மாத்திரையாகவும் கொடுக்கிறார்கள். கோப்பையில் இருப்பதோ மிகச் சொற்பம். குடிக்கலாம், மருந்தென்று நம்ப வேண்டாம்.

இன்னொன்று. கண் அழுத்தத்துக்கு விடும் டிமோலோல் சொட்டு மருந்தும் புரொப்ரனலோலின் குடும்பம்தான், கண் வழியாகப் போய்க்கூட இழுப்பைக் கிளப்பும். அம்மா கண் கிளினிக்குக்குப் போனாலும் இழுப்பு இருப்பதை முதலில் சொல்லட்டும்.