சித்திரை, வைகாசியில் கிளிநொச்சி இரணைமடுக் குளத்தில் தூண்டில் போட்டால் மீன் படுமா?

படும். ஆனால் மாசியில் மீன் பட்ட இடத்தில் வைகாசியில் போய் நின்றால் படாது.

நீங்கள் கேட்டது இதுதான்: யாழ்ப்பாணத்தில் இருந்து மோட்டார் சைக்கிளில் ஒரு நாள் பயணம், சித்திரைக் கடைசி, கையில் சாதாரண ரீல் தடி ஒன்று, இதுவரை பண்ணைப் பாலத்தடிக் கடலில் மட்டும் தூண்டில் போட்ட பழக்கம். எங்கே, எப்போது, எந்த இரை? குளத்து மீனின் சேற்று மணத்துக்கு என்ன செய்வது? நானும் அப்படித் தொடங்கியவன்தான். ஆகவே என் முதல் பயணத்தில் வெறுங்கையோடு திரும்பிய கதையில் இருந்தே சொல்கிறேன்.

மச்சானும் நானும் விடிய நாலு மணிக்கு வெளிக்கிட்டோம். ஆனையிறவு தாண்டி, கிளிநொச்சியில் தேத்தண்ணி குடித்து, இரணைமடுச் சந்தியில் திரும்பிக் குளக்கட்டில் ஏறும்போது நன்றாக வெளித்துவிட்டது. தை மாதம் சொந்தக்காரர் ஒருவர் அலைகரையில் (கட்டு இல்லாத, தண்ணீர் பரவி நிற்கிற கரையில்) புல் மூழ்கிக் கிடந்த மூலை ஒன்றில் ஒரு பை நிறையப் பிடித்திருந்தார். அதே மூலையைத் தேடிப் போனோம். புல் இருந்தது. தண்ணீரும் முழங்காலளவு இருந்தது. பத்தரை மணிவரை மிதவை ஆடவே இல்லை. தோளில் வலையோடு போன ஐயா ஒருவர் நின்று பார்த்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, போன கிழமை உதில இடுப்பளவு தண்ணி. இப்ப மீன் இறங்கிப் போட்டுது. தண்ணி போற பக்கமாப் போய்ப் போடுங்கோ."

அவர் சொன்னதில்தான் எல்லாம் இருக்கிறது. இது மாரி மழையும் கனகராயன் ஆறும் நிரப்புகிற குளம். 1902-இல் கட்டத் தொடங்கி, பிறகு பல தடவை உயர்த்தியிருக்கிறார்கள். கடைசியாகத் திருத்தி 2018 டிசம்பரில் திறந்தபோது நிறை மட்டம் 36 அடி. மழை நின்ற பிறகு வெயில் ஒரு பக்கம் குடிக்கும். சிறுபோக நெல்லுக்குத் துருசு (மதகு) திறந்தால் வயல் மறுபக்கம் குடிக்கும். அலைகரைப் பக்கம் நிலம் தட்டை. அங்கே மட்டம் ஓரடி இறங்கினாலே கரை வெகுதூரம் பின்வாங்கிவிடும். கரையோரம் மேய்ந்த மீனும் கூடவே இறங்கும். ஆனால் நேராக நடு ஆழத்துக்குப் போய்விடாது. சமதரை முடிந்து சரிவு தொடங்கும் விளிம்பில் நிற்கும். அந்த விளிம்பு எங்கே என்று கண்டுபிடிப்பதுதான் இந்தப் பருவத்தின் வேலை.

அதற்குக் கருவி எதுவும் தேவையில்லை, சேற்றைப் பார்த்தால் போதும். வெடித்த சேற்றுக்கும் தண்ணீருக்கும் இடையில் ஈரச் சேறு ஒரு பட்டையாகக் கிடக்கும். பட்டை அகலமாக இருந்தால் தண்ணீர் வேகமாக இறங்குகிறது. தட்டையான இடத்தை விட்டுச் சரிவான கரைக்குப் போங்கள். ஒடுக்கமாக இருந்தால் மட்டம் நிற்கிறது. ஆழம் குறைந்த இடத்திலும் நம்பிப் போடலாம். காய்ந்த தரையில் சோற்றுத் தட்டு அளவில் வட்டக் குழிகள் வரிசையாகத் தெரிந்தால் அதிர்ஷ்டம். அவை திலாப்பியா ஆண் மீன் முட்டைக்காகத் தோண்டிய குழிகள். தண்ணீர் இறங்கியதும் அவற்றை விட்டுவிட்டு, கீழே அதே மாதிரி மணல் கலந்த தரையில் புதிதாகத் தோண்டும். எனவே பழைய குழி வரிசைக்கு நேரே, இடுப்பளவு முதல் ஆளளவு ஆழத்தில் போடுங்கள். பெண் மீன் முட்டையை வாயில் வைத்திருக்கும்போது பெரும்பாலும் தின்னாது. குழியடியில் தூண்டிலைக் கடிப்பது காவல் நிற்கிற ஆண்தான், அதுவும் பசியைவிடக் கோபத்தில்.

அடுத்தது காற்று. சோளகம் என்கிற தென்மேற்குக் காற்று எழும்பத் தொடங்கும் காலம் இது. குளக்கட்டு வடக்கே இருப்பதால் தெற்கில் இருந்து வருகிற அலை முழுவதும் கட்டுக் கல்லில்தான் வந்து அடிக்கும். மேலே மிதக்கிற பாசியும் பூச்சியும் அங்கே வந்து ஒதுங்கும், அலையில் காற்றும் தண்ணீரில் கலக்கும். காற்றுக்கு முகம் கொடுத்து எறிவது எரிச்சலான வேலை, மிதவையும் காலடிக்கே திரும்பி வரும். பரவாயில்லை, மீனும் காலடியில்தான் நிற்கிறது. கட்டில் இருந்து ஐந்தாறு பாகத்துக்குள்ளேயே (ஒரு பாகம் என்பது இரு கையையும் விரித்த நீளம்) எனக்குப் பல தடவை பட்டிருக்கிறது. புதிதாக வருபவர்கள்தான் குளத்தின் நடுவுக்கு எறியப் பார்ப்பார்கள்.

நேரம் பற்றி ஒரு விஷயம். "விடியற்காலைதான் நேரம்" என்று எல்லோரும் சொல்வார்கள். இந்தக் குளத்துக்கு அது பாதி உண்மை. சூடேறிய தண்ணீரில் ஒட்சிசன் குறைவாகத்தான் கரையும்: 20 பாகை செல்சியஸில் லீற்றருக்கு 9 மில்லிகிராம் அளவு நிற்பது 30 பாகையில் ஏழரைக்கு இறங்கிவிடும். அதோடு பாசியும் செடியும் இரவு முழுக்க மூச்சு விடுவதால், பச்சை பிடித்துத் தேங்கிய மூலைகளில் விடியும் நேரம்தான் ஒட்சிசன் ஆகக் குறைவு. அங்கே திலாப்பியா மந்தமாகக் கிடக்கும். வெயில் ஏறி ஏழு மணியானால்தான் கடிக்கும். ஏழில் இருந்து ஒன்பதரை வரை, பிறகு பின்னேரம் நாலரைக்குப் பின். புத்தாண்டை ஒட்டிச் சூரியன் நேர் உச்சியில் நிற்கும் நாட்களில் நடுமதியம் மீனும் கடிக்காது, உங்கள் மண்டையும் தாங்காது. மருத மர நிழலில் படுத்துவிடுங்கள்.

விராலுக்கு இந்தக் கணக்கு ஓடாது. அது மேலே வந்து வாயால் காற்றை எடுக்கும், ஆகையால் எந்தக் கெட்ட தண்ணீரிலும் நிற்கும். விடியற்காலையில் தாமரை இலைக்கு இடையில் "ப்ளக்" என்று ஒரு சத்தமும் ஒரு குமிழும் வந்தால் அதுதான். ரப்பர் தவளையை அந்த இடத்துக்கு அப்பால் எறிந்து, இலைமேல் ஏற்றி, மெல்லத் தண்ணீரில் இறக்குங்கள். அடித்தவுடன் இழுக்காதீர்கள். நான் முதல் மூன்று விராலைத் தவற விட்டது அப்படித்தான். அது தவளையை வாய்க்குள் புரட்டிக்கொண்டு திரும்பட்டும், தங்கூசி நூல் பக்கவாட்டில் ஓடட்டும், அப்புறம் ஒரே வெட்டு. சிவப்புக் குஞ்சுக் கூட்டம் கொதிக்கிற மாதிரி மேலே திரிவதைக் கண்டால் விட்டுவிடுங்கள். கீழே தாயும் தகப்பனும் காவல் நிற்கும், எறிந்தால் கட்டாயம் அடிக்கும், ஆனால் அதைப் பிடித்தால் அந்தக் குஞ்சுகளுக்குக் காவல் இல்லை.

சாமான் அதிகம் வேண்டாம். திலாப்பியாவுக்குச் சின்ன முள், மெல்லிய தங்கூசி, பயறளவு ஈயம். மிதவைக்குப் பழைய செருப்பில் வெட்டிய ஒரு துண்டு போதும். இரை மண்புழுதான். ஆனால் சித்திரையில் நம் செம்மண் கல்லாகக் கிடக்கும், எங்கே தோண்டியும் கிடைக்காது. கிணற்றடி வாழைப் பாத்தியில் முதல்நாள் பின்னேரமே தோண்டி, ஈரமண்ணோடு சிரட்டையில் போட்டு, ஈரச்சாக்கால் மூடி வையுங்கள். புழு முடிந்தால் பாணின் உட்பகுதியைப் பிசைந்து உருட்டலாம். அலைக்கு அது நிற்காது, அமைதியான மூலையில் மட்டும். அடியில் பட்டமரக் கட்டைகள் உண்டு. முள் பத்துப் பன்னிரண்டு கூடுதலாக எடுத்துப் போங்கள்.

சித்திரைச் சிறுமாரி ஒன்று முதல்நாள் பின்னேரம் பெய்திருந்தால், ஓடைத் தண்ணீர் குளத்தில் சேரும் வாயைத் தேடுங்கள். குளிர்ந்த கலங்கல் தண்ணீரும் தெளிந்த தண்ணீரும் சந்திக்கும் கோட்டில் மீன் எல்லாம் நிற்கும். ஆனால் இடி கேட்கத் தொடங்கினால் தடியை மடக்கிவிட்டு இறங்குங்கள். வெட்டவெளிக் கட்டில் உயர்ந்து நிற்பது நீங்களும் உங்கள் தடியும்தான்.

முதலை இருக்கிறது. தண்ணீர் குறையும்போது அதன் இடமும் குறையும், எனவே முழங்காலளவுக்கு இறங்கி நின்று போடுகிற பண்ணைக்கடல் பழக்கத்தை வீட்டில் விட்டுவிட்டு வாருங்கள். மீனையும் வயிறு கீறிக் கரையில் கழுவ வேண்டாம். துருசு வாயடியில் இழுவை உண்டு, தள்ளியே நில்லுங்கள். வலைக்காரரின் மிதவைக் கோட்டுக்குக் குறுக்கே எறியாமல், போனவுடன் அவர்களிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்; எங்கே போடலாம், எங்கே போடக்கூடாது என்று அவர்களே சொல்வார்கள். அது அவர்களின் பிழைப்பு, நமக்குப் பொழுதுபோக்கு.

கடைசியாக நீங்கள் கேட்ட அந்தச் சேற்று மணம். கடல்மீன் தின்று வளர்ந்த நமக்கு அது பெரிய குறைதான். நீலப்பச்சைப் பாசி போன்ற நுண்ணுயிர்கள் உண்டாக்கும் ஒரு பொருள் மீனின் சதையில் சேருவதால் வருவது அது. புளிப்புப் பட்டால் குறையும். பிடித்தவுடன் ஐஸில் போட்டு, வீட்டுக்கு வந்து செவுளையும் வயிற்றுக்குள் இருக்கும் கறுப்புத் தோலையும் முற்றாக எடுத்து, தேசிக்காய்ப் புளியும் உப்பும் பூசி அரை மணிநேரம் வைத்துக் கழுவினால் பொரியலுக்குக் குறை சொல்ல முடியாது. குழம்பென்றால் பழப்புளியைக் கொஞ்சம் தூக்கலாக விடுங்கள். எங்கள் வீட்டில் அம்மா இப்போது சாப்பிடுகிறார், ஆனால் குளத்து மீனுக்கு இன்னும் தனிச் சட்டிதான்.