பூச்சு இருக்கும்போது ஆயிலில் மருந்து எதற்கு?

கேள்வி: பழைய இன்ஜின் ஒன்றை நானே பிரித்துச் சரிசெய்து வருகிறேன். அதற்கு வாங்கிய புதுக் கேம்ஷாஃப்ட் (வால்வுகளைத் திறக்கும் முட்டை வடிவக் கேம்கள் உள்ள தண்டு) கறுப்பாக, பளபளப்பே இல்லாமல் இருக்கிறது. பாஸ்பேட் பூச்சு என்கிறார்கள். பரப்பைக் கெட்டிப்படுத்திப் பூச்சும் கொடுத்த பிறகு, ஆயிலில் தேய்மானத் தடுப்பு மருந்து (அடிட்டிவ்) வேறு எதற்கு? பூச்சை எடுத்துவிட்டுப் பாலிஷ் போட்டால் இன்னும் வழுவழுவென்று ஓடாதா? கேமின் தள்ளலை வால்வுக்குக் கடத்தும் டேப்பெட்டுகளில் பழையதையே மாட்டலாமா?

பதில்: பாலிஷ் மட்டும் போட்டுவிடாதீர்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

அந்தக் கறுப்பு பெயின்ட் மாதிரி மேலே அப்பியது இல்லை. பாஸ்பேட் கரைசலில் முக்கியபோது இரும்பின் மேலேயே படிகம் படிகமாக வளர்ந்தது. சில மைக்ரான் தடிப்புதான். நகத்தால் தடவிப் பாருங்கள், நைசான உப்புத்தாள் போல லேசாக நறநறக்கும். ஒரு சொட்டு ஆயில் விட்டும் பாருங்கள். பாலிஷ் போட்ட இரும்பில் அது வழிந்து ஓடிவிடும். இதில் ஊறி நிற்கும். படிகங்களின் இடுக்கில் ஆயிலைப் பிடித்து வைப்பதற்குத்தான் அந்தச் சொரசொரப்பு.

ஆனால் அதற்கு ஆயுள் குறைவு. கேமும் டேப்பெட்டும் ஒன்றுக்கொன்று பழகி, பரப்பின் நுண்ணிய மேடுகள் மழுங்கும் வரை காவல் நிற்கும். பிறகு உரசும் இடத்தில் கரைந்து போய்விடும். அதற்குப் பின் யார் காப்பது?

கெட்டிப்படுத்திய பரப்பு காக்கும் என்று நினைக்கிறீர்கள். பாரம் ஏறும்போது அது நசுங்காமல் தாங்கும், சரி. ஆனால் எவ்வளவு கெட்டியான இரும்பிலும் கண்ணுக்குத் தெரியாத முகடுகள் உண்டு. கேமின் துருத்திய முனையான மூக்கும் டேப்பெட் முகமும் சந்திக்கும் இடத்தில் ஆயில் படலம் மிக மெலிதாகி, முகடும் முகடும் நேராக மோதும். வெறும் இரும்பும் இரும்பும் அங்கே ஒட்டிக்கொள்ளும், அடுத்த நொடி பிய்ந்து வரும். தேய்மானம் அங்கேதான் தொடங்குகிறது.

அந்த இடத்துக்கு வருவதுதான் ஜிங்க் என்று சுருக்கிச் சொல்லும் அடிட்டிவ். முழுப் பெயர் ஜிங்க் டையல்கைல்டைதயோபாஸ்பேட். 1940-களிலிருந்து இன்ஜின் ஆயிலில் இருக்கிறது. ஆயில் கெடாமலும் பேரிங் அரிக்காமலும் இருக்கத்தான் முதலில் சேர்த்தார்கள். தேய்மானத்தைத் தடுப்பது பிறகு தெரியவந்தது. சும்மா இருக்கும்போது ஆயிலில் கரைந்து கிடக்கும். உரசலின் சூடும் அழுத்தமும் படும் இடத்தில் உடைந்து, இரும்பின் மேல் கண்ணாடி போன்ற பாஸ்பேட் படலமாக வளரும். தடிப்பு சுமார் 100 நானோமீட்டர், தலைமுடியில் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்கு. இரும்புக்குப் பதிலாக அந்தப் படலம் தேயும். தேயத் தேயத் திரும்ப வளரும். பூச்சால் முடியாதது இதுதான்.

அதைக் கண்ணாலேயே பார்க்கலாம். நன்றாக ஓடிய பழைய டேப்பெட் ஒன்றை மண்ணெண்ணெயில் கழுவித் துணியால் அழுத்தித் துடைத்து, வெளிச்சத்தில் சாய்த்துப் பிடியுங்கள். பல சமயம் முகத்தில் பழுப்பும் நீலமுமாக ஒரு கறை தெரியும். எவ்வளவு துடைத்தாலும் போகாது. அழுக்கு என்று அதைத் தேய்த்து எடுப்பவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு பதறும்.

ஒன்றைப் பிரித்துப் புரிந்துகொள்ளுங்கள். தேய்மானம் குறைவது வேறு, உராய்வு குறைவது வேறு. ஜிங்க் படலம் உராய்வைக் குறைக்காது, சில நேரம் சற்றுக் கூட்டவும் செய்யும். உராய்வைக் குறைக்க மாலிப்டினம் அடிட்டிவ் வேண்டும். அது உரசும் இடத்தில் சீட்டுக்கட்டு போல வழுக்கும் மாலிப்டினம் டைசல்பைடு அடுக்குகளாக மாறும். இரும்பில் நன்றாக வேலை செய்யும் அதே மாலிப்டினம், வைரம் போன்ற கார்பன் பூச்சுகளில் சிலவற்றைச் சீக்கிரம் தேய்த்துவிடுவதும் உண்டு. பரப்பு எதுவோ, அதைப் பார்த்துத்தான் மருந்து.

இப்போது உங்கள் இன்ஜின். ஜிங்க் அடிட்டிவில் உள்ள பாஸ்பரஸ், புகைக்குழாயில் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் கெடுக்கிறது என்பதால், இன்றைய கார் ஆயில்கள் பலவற்றில் ஜிங்கைக் குறைத்துவிட்டார்கள். தட்டை டேப்பெட் (உருளை இல்லாமல் முகமே கேமில் உரசும் வகை) உள்ள பழைய இன்ஜினுக்கு அது போதாமல் போகலாம். ஜிங்க் கூடுதலாக உள்ள ஆயிலாகவே வாங்குங்கள். தனிப் பாட்டிலில் விற்பதைக் கூடவே ஊற்றுவது எனக்குப் பிடிக்காது. ஆயிலுக்குள் ஏற்கெனவே இருக்கும் மற்ற அடிட்டிவ்களின் கணக்கு குலையும்.

முதல் இருபது நிமிஷம்தான் கேமின் தலையெழுத்து. நான் தொழிலுக்கு வந்த புதிதில், புதுக் கேம் போட்ட இன்ஜினை ஸ்டார்ட் செய்து, மெதுவாக ஐடிலில் ஓடட்டும் என்று விட்டேன். அக்கறையாகச் செய்வதாகத்தான் நினைப்பு. மறுநாள் ஒரு வால்வில் சத்தம். பிரித்தால் ஒரு மூக்கு மொட்டையாக மழுங்கியிருந்தது. ஐடிலில் ஸ்பிரிங்கின் முழு அழுத்தமும் மூக்கின் மேல் விழுகிறது. கீழே சுழலும் கிராங்க்ஷாஃப்ட் வாரி இறைக்கும் ஆயிலும் குறைவு. அதனால் மூக்குகளில் மாலிப்டினம் பசையைத் தாராளமாகத் தடவி, ஸ்டார்ட் ஆனதும் நிமிஷத்துக்கு 2000 சுற்றுக்குக் கொண்டுபோய், அதையொட்டிச் சற்று ஏற்றி இறக்கி இருபது நிமிஷம் ஓட்டுங்கள்.

பழைய டேப்பெட் வேண்டாம். பெயர் தட்டை என்றாலும், புதிதாக இருக்கும்போது அதன் முகம் மிக லேசாகக் குவிந்திருக்கும். கேமும் சற்றுச் சரிவாக இருப்பதால் டேப்பெட் சுழன்றுகொண்டே ஓடும். உங்களிடம் இருப்பது பழைய கேமோடு தேய்ந்து தட்டையாகியிருக்கும். புதுக் கேமில் சுழலாமல் நின்றால், ஒரே இடத்தில் அறுத்துவிடும்.