மாரியைத் தாங்கும் கற்றாழையும் கள்ளியும்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: கச்சான் காற்றிலும் வாடாமல் நின்ற சோற்றுக்கற்றாழையும், அடி பருத்த பூச்செடியான அடீனியமும் ஒவ்வொரு வருடமும் மார்கழிக்குள் அடியோடு அழுகிப்போகின்றன. கடற்கரையை அண்டிய மணல் வளவு என்பதால் நீர் வடிந்துவிடும் என்றே நம்பியிருந்தேன். நுவரெலியாவிலிருந்து வாங்கிவந்த, ரோஜாவைப் போல் அடுக்கடுக்காக இலை விரித்த எச்செவேரியாவும் நிலைக்கவில்லை. என்ன செய்யலாம்?
– வாசகி, உப்புவெளி

பதில்: உங்கள் செடிகள் மடிவது மாரி ஈரத்தினால்தான். கற்றாழையும் கள்ளியும் பகலில் இலைத்துளைகளை மூடிக்கொண்டு இரவில் திறப்பதால், சேமித்த நீரை வைத்தே வாரக்கணக்கில் கோடையைக் கடந்துவிடும். ஆனால் வேருக்குக் காற்றோட்டம் இல்லாமற்போனால் விரைவிலேயே அழுகல் பற்றிக்கொள்ளும். திருகோணமலையில் ஆண்டு மழையின் பெரும்பகுதி ஒக்டோபருக்கும் ஜனவரிக்கும் இடையில் கொட்டித் தீர்த்துவிடுகிறது. கடற்கரை வளவுகளில் அந்த மாதங்களில் கிணற்று நீர் எவ்வளவு மேலே ஏறி நிற்கிறது என்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள். கிணற்றில் நீர் ஏறும்போது சுற்றியுள்ள மணலிலும் அது ஏறிவிடுவதால், மேலே உலர்ந்து தெரியும் மண்ணின் அடியில் வேர் ஊறிக்கொண்டிருக்கும்.

ஆகவே புரட்டாதி முடிவதற்குள், வெயில் நன்றாக விழும் இடத்தில் ஒன்று அல்லது ஒன்றரை அடி உயரத்துக்கு மேடை கட்டுங்கள். பருமனான ஆற்றுமணலும் உடைத்த செங்கல், ஓட்டுத் துண்டுகளும் சேர்ந்து இரண்டு பங்கு, தோட்டமண் ஒரு பங்கு, நன்கு மக்கிய எரு ஒரு கைப்பிடி என்ற கலவை போதும். கடல் மணலைக் கழுவாமல் சேர்க்கவேண்டாம். அதிலுள்ள உப்பு வேரைக் கருக்கும். தென்னந்தும்பு ஈரத்தைப் பிடித்துவைக்கும் என்பதால் இந்தச் செடிகளுக்கு அதை நான் விரும்புவதில்லை. நட்டபின் கழுத்தைச் சுற்றிச் சிறு கற்களைப் பரப்பினால் மழைச் சேறு தெறித்துத் தண்டில் படியாது.

அழுகத் தொடங்கிய செடியையும் காப்பாற்ற முடியும். அடீனியத்தின் பருத்த அடியைப் பெருவிரலால் அழுத்திப் பாருங்கள்: கல் போல் இறுகியிருந்தால் நலம், பஞ்சுபோல் உள்ளே அமிழ்ந்தால் உடனே பிடுங்க வேண்டும். கற்றாழையின் வேரை மெல்ல இழுக்கும்போது மேல்தோல் உருவிக்கொண்டு வந்து நூல்போன்ற நரம்பு மட்டும் மிஞ்சினால் அந்த வேர் செத்துவிட்டது. பழுப்பு நிறம் சிறிதும் தெரியாத சதை வரும்வரை கூரான கத்தியால் வெட்டி, வெட்டுவாய் தோல் கட்டும்வரை ஒரு வாரமளவில் நிழலில் காயவிட்டு, உலர்ந்த மணலில் நடுங்கள். முதல் வாரம் தண்ணீர் ஊற்றவேண்டாம். அடீனியத்தின் பால் நஞ்சுள்ளது. வெட்டியபின் கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

எச்செவேரியாவைப் பற்றி நீங்கள் வருந்தவேண்டியதில்லை. அது பெரும்பாலும் மெக்சிக்கோவின் மலைநாட்டுச் செடி. குளிர்ந்த இரவுகள் அதற்குத் தேவை. குளிர்நாடுகளில் ‘எதையும் தாங்கும்’ என்று விற்கப்படும் செம்பர்விவம் என்ற செடியும் பனியைத் தாங்குமேயன்றி நம் புழுக்கத்தைத் தாங்காது. நம் மண்ணில் தாங்குபவை சோற்றுக்கற்றாழை, யானைக்கற்றாழை, மருள், பிரண்டை, பத்துமணிப்பூ ஆகியவையே. வாங்குவதற்கு முன் அந்தச் செடி எந்த ஊரில் வளர்க்கப்பட்டது என்று கேளுங்கள்.

கேள்வி: ஆடு மாடு புகாதிருக்க வேலியோரம் நாகதாளி நடலாமா?
– வாசகர், மூதூர்

பதில்: தயவுசெய்து நடவேண்டாம். அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த இந்தச் செடியின் ஒடிந்த மடல் விழுந்த இடத்திலேயே வேர்விடும். பழத்தைத் தின்னும் பறவைகளும் விலங்குகளும் விதையைத் தூரம் கொண்டுசேர்க்கும். தெற்கே பூந்தல தேசிய பூங்காவில் அது பரவி, உள்ளூர்ச் செடிகளின் இடத்தைப் பிடித்துக்கொண்டதைப் பார்த்த பின்னும் நாமே கொண்டுவந்து நடுவது நம் கரையோரத்துக்குச் செய்யும் தீங்கு. திருகுகள்ளியின் பால் கண்ணில் பட்டால் கடுமையாகப் பாதிக்கும் என்பதால், சிறுபிள்ளைகள் உள்ள வீட்டுக்கு அதுவும் ஏற்றதன்று. கம்பிவேலியை ஒட்டி யானைக்கற்றாழையை நெருக்கமாக வைத்து, இடையில் பிரண்டையைப் படரவிடுங்கள், துவையலுக்கும் ஆகும்.

கேள்வி: சாடியில் உள்ள கள்ளிகளுக்கு எத்தனை நாளுக்கு ஒருமுறை தண்ணீர் ஊற்றவேண்டும்?
– வாசகி, கிண்ணியா

பதில்: நாட்கணக்கு வேண்டாம். ஈர்க்கு ஒன்றை மண்ணில் ஆழமாகச் செருகி எடுங்கள். மண் ஒட்டாமல் உலர்ந்து வந்தால் மட்டும், அடித்துளையால் நீர் வழியும்வரை ஊற்றுங்கள். மாரியில் சாடிகளைத் தாழ்வாரத்துக்கு மாற்றிவிட்டால் ஊற்றவேண்டிய தேவையே அரிது. சாடிகளின் அடியில் வைக்கும் தட்டுகளை எடுத்துவிடுங்கள். 2017ஆம் ஆண்டு உங்கள் ஊர் டெங்குவால் பட்ட துயரை அறிந்தவர்கள் தேங்கிய நீரை ஒரு தட்டளவுகூட விட்டுவைக்கக் கூடாது.