வீட்டுப் பின்னாடி கத்தற பறவை எதுன்னு குரலை வச்சே கண்டுபிடிக்க எப்படிப் பழகறது?

விடிகாலை அஞ்சு மணிக்கு முன்னாடியே யாரோ விசிலடிக்கற மாதிரி ஒரு பறவை கத்துது, எட்டிப் பாத்தா பறந்துடுது, அரிசி போட்டுப் பாத்தா புறாவும் காக்காவும்தான் வருது, ஆப்ல கேட்டா தினம் ஒரு பேர் சொல்லுதுன்னு கேட்டிருக்கீங்க.

மொதல்ல அந்த விசில் பார்ட்டிய முடிச்சுடலாம். மார்ச்சுக்கு மேல, இருட்டு பிரியறதுக்கு முன்னாடியே, டிவி ஆன்டெனா, மொட்டை மாடிக் கம்பி, முருங்கை மர உச்சின்னு உசரமான எடமா பாத்து உக்காந்துகிட்டு, ஒரு தடவ அடிச்ச மெட்ட அடுத்த தடவ கொஞ்சம் மாத்தி அடிச்சா அது முக்காவாசி குண்டுக்கரிச்சான்தானுங்க. ஆண் பளபளன்னு கருப்பு வெள்ளையா இருக்கும், பொண்ணு அதே அச்சுல சாம்பல் கலர்ல இருக்கும், வால சும்மா சும்மா தூக்கி நிறுத்திக்கும். பங்களாதேஷுக்கு தேசியப் பறவையே இதுதான். நீங்க எத்தன படி அரிசி போட்டாலும் அது வராது, ஏன்னா அது தேடறது புழு, பூச்சி, வெட்டுக்கிளி. அரிசிக்கு வர்றது புறா, சிட்டுக்குருவி, காக்கா. தினை கம்பு போட்டா அதோட தினைக்குருவியும் சேந்துக்கும், அவ்ளோதான். நாம பாட்டுன்னு சொல்ற அளவுக்குப் பாடறதுல பாதிக்கு மேல பூச்சி திங்கறது, பழம் திங்கறது, தேன் குடிக்கறதுதான், அதனால தட்டுல தானியம் வச்சுட்டுக் காத்திருந்தா பாட்டுக்காரன் கண்ணுல சிக்க மாட்டான்.

நான் இதுல பெரிய ஆளெல்லாம் இல்ல. எங்க வீடு பொள்ளாச்சி பக்கம், சுத்திலும் தென்னந்தோப்பு, பொடக்காளில, அதான் வீட்டுக்குப் பின்னாடி, ஒரு முருங்கை, ஒரு கொய்யா, ரெண்டு கறிவேப்பிலை, ஒரு பப்பாளி, செம்பருத்தி வேலி, ஒரு தொவைக்கற கல்லு. சில வருசம் முன்னாடி டூவீலர்ல சறுக்கி விழுந்து இடது கால்ல ராடு வச்சு மூணு மாசம் படுக்கைல கெடந்தேன். கட்டிலுக்குப் பக்கத்துல ஜன்னல் இருந்துச்சு, ஆனா படுத்த வாக்குல பாத்தா முருங்கைக் கிளை ஒண்ணும் கொஞ்சம் ஆகாசமும்தான் தெரியும், சத்தம் மட்டும் நாள் பூரா வந்துகிட்டே இருக்கும். போன்ல மெர்லின்னு ஒரு ஆப் போட்டேன், கார்னெல் யுனிவர்சிட்டி பறவை ஆய்வகத்துக்காரங்க குடுக்கறது, காசில்ல, இந்தியாவுக்கான பேக்க ஒரு தடவ டவுன்லோட் பண்ணிட்டா நெட் இல்லாமயும் வேல செய்யும். அது பேர் பேரா காட்டுச்சு. ஒரு வாரத்துல முப்பது பேர் சேந்துச்சு, ஆனா காலைல கேட்ட சத்தம் சாயங்காலம் வந்தா யாருன்னு எனக்குத் தெரியல. ஆப்புக்குத்தான் தெரிஞ்சுது.

ரெண்டாவது மாசம் சேர்ல உக்கார விட்டாங்க, அம்மா பின்கட்டுத் திண்ணைல கொண்டு போயி உக்கார வச்சாங்க, அப்பத்தான் நெசமான பாடம் ஆரம்பிச்சுது. பாடற பறவை எலைக்குள்ள ஒளிஞ்சிருக்கும், இல்லேன்னா எங்கியோ உச்சில இருக்கும். திங்கற பறவை அப்படியில்ல, பசி அதை வெளிய கொண்டு வந்துரும், ஒரே எடத்துக்குத் திரும்பத் திரும்ப வரும். வர்றப்பவும் போறப்பவும் சின்னதா ஒரு சத்தம் போடும் பாருங்க, அது பாட்டில்ல, சும்மா பேச்சு, "நான் இங்கதான் இருக்கேன்"ங்கற மாதிரி. அந்தச் சின்னச் சத்தத்த மொதல்ல மனசுல ஏத்திக்கங்க. அது வந்துட்டா பெரிய பாட்ட அதோட கோத்துக்கறது சுலபம். நான் சொல்ல வர்றது இதுதான், பாட்டக் கேட்டு ஆளத் தேடாதீங்க, திங்கறப்ப ஆளப் புடிச்சுட்டு அப்பறம் பாட்டுக்குப் போங்க.

குண்டுக்கரிச்சானையே எடுத்துக்கங்க. அம்மா தொவைச்சு முடிச்சு தண்ணிய ஊத்திட்டு உள்ள போன பத்து நிமிசத்துல தொவைக்கற கல்லுகிட்ட ஈர மண்ணுல எறங்கும். தத்தித் தத்தி நாலடி, நிக்கும், தலையச் சாய்ச்சுப் பாக்கும், ஒரு கொத்து, வால் மேல போவும். பூனை வந்தா "சர்ர்ர்"னு துணி கிழிக்கற மாதிரி திட்டும். இத ஒரு வாரம் பாத்தேன், எட்டாவது நாளு அதே ஆளு மண்ணுலருந்து எந்திரிச்சுப் போயி ஆன்டெனால உக்காந்து, காலைல நான் படுத்துகிட்டே கேட்ட அந்த விசில ஆரம்பிச்சுது. அட நீயாடான்னு ஆயிடுச்சு. அதுக்கப்பறம் அந்தக் குரல் மறக்கவே இல்ல. மழைக்காலம் பனிக்காலத்துல பாட்ட ரொம்பக் கொறைச்சுக்கும், அந்த "சர்ர்ர்" மட்டும்தான் கேக்கும், அப்ப காணாம போச்சுன்னு நெனைச்சுடாதீங்க, அங்கயேதான் இருக்கும். விடியறதுக்கு முன்னாடியே பாடறதுக்கு ஒரு காரணமும் இந்தச் சாப்பாட்டுக் கதைதான்னு சொல்லுவாங்க, அந்த இருட்டுல புழு கண்ணுக்குத் தெரியாது, காத்தும் அசையாம இருக்கும், சத்தம் தூரம் போவும், வெளிச்சம் வந்துட்டா பொழப்பப் பாக்கப் போயிடணும்.

இதுல ஒரு தப்பும் பண்ணேன், நீங்க பண்ணிடாதீங்க. குண்டுக்கரிச்சான் பாட்ட ஆன்லைன்ல தேடி எடுத்து ஸ்பீக்கர்ல போட்டு விட்டேன், கிட்டத்துல வந்தா போட்டோ எடுக்கலாம்னு. வந்துச்சு. வந்து ஜன்னல் கம்பில உக்காந்து நெஞ்ச நிமித்திகிட்டு, இன்னொரு ஆண் தன் எடத்துல பூந்துட்டான்னு நெனைச்சு அரை மணி நேரம் கத்திக் கத்தித் தேடுச்சு, ஒரு புழுவக்கூட எடுக்கல. அது கூட்டுல குஞ்சு இருந்த நேரம் வேற. அம்மா வந்து "ஏன் சாமி, வேலவெட்டி இல்லேன்னா அதப் போயி எதுக்கு வம்புக்கு இழுக்கற"ன்னு போனப் புடுங்கி வச்சுட்டாங்க. கூடு கட்டற சமயத்துல இது நெசமாவே அதுங்களுக்குத் தொந்தரவுதான்.

அடுத்தது தையல்சிட்டு. வேலிக்குள்ளருந்து "டுவிட் டுவிட் டுவிட் டுவிட்"னு காதக் கிழிக்கற மாதிரி ஒரு சத்தம், கேட்டா ஒரு மைனா சைசாவது இருக்கும்னு நெனைப்பீங்க, நானும் அப்படித்தான் பெருசா தேடிகிட்டு இருந்தேன். ஆளு பத்து கிராம்கூட தேற மாட்டான். செம்பருத்தி வேலிக்கு உள்ள தரைலருந்து இடுப்பு உசரத்துக்குள்ளயே சுத்தும், எலைக்கு அடிப்பக்கம் தலைகீழாப் பாத்து சின்னச் சின்ன புழு எடுக்கும். நெத்தில துருப்புடிச்ச கலர், முதுகு பச்சை. எலை ரெண்ட நூலு பஞ்சு வச்சுத் தைச்சு கூடு கட்டறது இதுதான்னு எல்லாருக்கும் தெரியும். இதே வேலில சாம்பல் கதிர்க்குருவின்னு இன்னொண்ணு இருக்கும், அதோட பாட்டும் கிட்டத்தட்ட இதே தாளம், புதுசா கேக்கறவங்க ரெண்டையும் குழப்பிக்குவாங்க. ஆனா அது பறக்கறப்ப கவனிங்க, வேலிய விட்டு எந்திரிக்கறப்ப "டக்-டக்-டக்"னு வெரல் சொடக்கு போடற மாதிரி, பிளக்ல கரெண்ட் பொறி தெறிக்கற மாதிரி ஒரு சத்தம் வரும். தையல்சிட்டுகிட்ட அது கெடையாது.

பழத்துக்கு வர்றவங்க கதை வேற. பப்பாளி கொஞ்சம் மஞ்ச தட்டுனாப் போதும், சின்னான் வந்துரும், கொண்டைக்குருவின்னும் சொல்லுவாங்க, தலைல கருப்புக் கொண்டை, வாலுக்கு அடில செவப்பு. ரெண்டு ரெண்டா வரும், தின்னுகிட்டே பேசிக்கும், கேக்கறதுக்கு ரொம்ப நல்ல மனுசங்க ரெண்டு பேரு திண்ணைல உக்காந்து ஊர்க்கதை பேசற மாதிரி இருக்கும். கறிவேப்பிலை பழுத்து கருப்பா தொங்கறப்ப சின்னானும் குயிலும் ஒரே மரத்துல மோதிக்கும். குயில் பத்தி ஒண்ணு சொல்லணும், "கூ-ஊ"ன்னு ஏத்திகிட்டே போறது கருப்பு ஆண், பொண்ணு பழுப்புல புள்ளி புள்ளியா இருக்கும், அது கத்தறது "கிக்-கிக்-கிக்-கிக்"னு அவசரமா. எங்க வீட்டுல ரொம்ப வருசமா அது வேற ஏதோ பறவைன்னுதான் நெனைச்சுகிட்டு இருந்தோம், ரெண்டும் ஒரே கொத்துல பழம் புடுங்கறதப் பாத்தப்பறம்தான் வெளங்குச்சு.

தேன்சிட்ட ஹம்மிங்பேர்டுன்னு வாட்ஸப்ல வீடியோ போடறவங்க கவனத்துக்கு, ஹம்மிங்பேர்டு அமெரிக்கக் கண்டங்கள்ல மட்டும்தான் இருக்கு, நம்ம ஊர்ல ஒண்ணுகூட கெடையாது. தேன்சிட்டு பெரும்பாலும் காம்புல உக்காந்துதான் குடிக்கும். செம்பருத்திக்கு அது வர்றத கிட்டத்துல பாத்தா ஒரு திருட்டுத்தனம் தெரியும், பூவோட வாய் வழியா மூக்க விடாது, பூவுக்கு அடில காம்புகிட்ட குத்தி ஓட்டை போட்டு தேன உறிஞ்சிட்டுப் போயிடும், மகரந்தத்தத் தொடறதே இல்ல. உதுந்த பூவ எடுத்துப் பாருங்க, அடில கீறல் இருக்கும். குஞ்சு பொரிச்சுட்டா தேன் பத்தாது, ஒட்டடைல இருக்கற எட்டுக்கால் பூச்சியப் புடிச்சுகிட்டுப் போவும்.

பூங்கொத்தி இதவிடச் சின்னது, இந்தியாவுலயே ரொம்பச் சின்னப் பறவைகள்ல ஒண்ணு, பாக்க ஒண்ணுமே இருக்காது, "டிக் டிக் டிக்"னு கல்லு ரெண்டத் தட்டுன மாதிரி விடாம கத்தும். தேன்பழ மரம், சில ஊர்ல சக்கரப்பழம்னுவாங்க, அது இருந்தா கண்டிப்பா இருக்கும். இன்னொரு சாப்பாடு புல்லுருவிப் பழம், மாமரத்துல மொளைச்சு மரத்தோட சத்த உறிஞ்சற செடி அது. அந்தக் கொட்டை பசையா ஒட்டும், அதக் கிளைல தேய்ச்சு விட்டுட்டுப் போவும், அங்க புதுப் புல்லுருவி மொளைக்கும். மாந்தோப்புக்காரங்ககிட்ட இதப் பாசமா சொல்லிராதீங்க.

தரைல சருகு கெடந்தா தவிட்டுக்குருவிக் கூட்டம். ஏழெட்டா வந்து ஒவ்வொரு எலையாப் பொரட்டும், ஒண்ணு மட்டும் கொஞ்சம் மேல உக்காந்து காவல் காக்கும், பாம்போ பூனையோ வந்தா மொத்தக் கூட்டமும் கல்யாண வீட்டுல பந்திச் சண்டை வந்த மாதிரி கத்தும். இதுக்குப் பாட்டுன்னு தனியா எதிர்பாக்காதீங்க. ஆனா ஒரு விசயம், எங்கம்மா தெனமும் சீமாறு போட்டு சுத்தமா கூட்டி சருக எரிச்சுகிட்டு இருந்தவரைக்கும் இதுங்க எட்டிப் பாத்துட்டுப் போயிடும். கொய்யா மரத்தடிய மட்டும் கூட்டாதீங்கம்மான்னு சண்டை போட்டு விட்டு வச்சோம், அந்த அக்டோபர் கடைசில அங்க ஆறுமணிக்குருவி எறங்குச்சு. பச்சை, நீலம், வயித்துக்கு அடில செவப்பு, வடக்கருந்து குளிருக்கு வர்ற பறவை, சருகக் கிளறித்தான் சாப்பாடு. காலைலயும் சாயங்காலமும் ஆறு மணி சுமாருக்கு ரெண்டு சுருதில ஒரு விசில், அதனாலதான் அந்தப் பேரு. பேரே கடிகாரம் காட்டுற பறவைக்கு ஆப் எதுக்கு?

ஆப் ஏன் தினம் ஒரு பேர் சொல்லுதுன்னு கேட்டீங்கல்ல. ரெண்டு மூணு பறவை ஒண்ணா கத்துனா, தூரத்துல வண்டிச் சத்தம் கலந்தா, அது தடுமாறும். அப்பறம் கரிச்சான் இருக்கே, குண்டுக்கரிச்சான் இல்ல, இது வேற, இரட்டைவால் குருவி, கரெண்டு கம்பில உக்காந்துகிட்டு பறக்கற பூச்சிய சட்டுனு பாஞ்சு புடிச்சுட்டு திரும்ப அதே எடத்துக்கு வர்றது, அது வல்லூறு மாதிரியே கத்தும். எனக்கு ஆப் ஒரு வாரம் வல்லூறு வல்லூறுன்னு காட்டுச்சு, நானும் வல்லூறு வந்திருக்குன்னு சந்தோசமா எழுதி வச்சேன். கம்பிய நிமிந்து பாத்தா இவன் உக்காந்து வாயத் தொறந்துகிட்டு இருக்கான். அதனால ஆப் சொல்ற பேர ஒரு துப்பா மட்டும் எடுத்துகிட்டு, அங்க என்ன தின்னுச்சு, எந்த உசரத்துல இருந்துச்சுன்னு கண்ணால ஒத்துப் பாருங்க. செம்மார்புக் குக்குறுவான் இன்னொரு ஏமாத்து, ஆலமரத்துலயோ அத்தியிலயோ உச்சில உக்காந்து "டொங்க் டொங்க் டொங்க்"னு நிமிசத்துக்கு 100 தடவைக்கு மேல தட்டும், வாயத் தொறக்காம தொண்டைய உப்பி உப்பிப் போடற சத்தம், தலையத் திருப்பிகிட்டே கத்தறதால ஒருக்கா எடது பக்கம், ஒருக்கா வலது பக்கம்னு கேக்கும்.

சாப்பாடு வைக்கணும்னு ஆசையிருந்தா பப்பாளில ஒண்ணப் பறிக்காம விடுங்க, செம்பருத்தியோ இட்லிப்பூவோ நடுங்க, ஒரு மூலைல சருக விடுங்க, அகலமான மண் தட்டுல ரெண்டு வெரக்கடை தண்ணி வச்சு தெனமும் மாத்துங்க. பூச்சிமருந்து அடிக்காதீங்க, அடிச்சா பாட்டுக்காரங்களோட சோத்துல நேரா கை வைக்கற மாதிரி. பிஸ்கட், மிக்சர், உப்புப் போட்ட சோறு எல்லாம் வேண்டாம். பொங்கல் லீவுல நாலு நாள் தமிழ்நாடு பூரா பறவை கணக்கெடுப்பு நடக்கும், ஈபேர்டுன்னு பறவைக் கணக்கு எழுதற வெப்சைட் இருக்கு, அதுல பதியணும், வீட்டுத் திண்ணைலருந்தே 15 நிமிசம் பாத்து எழுதலாம், பழகறதுக்கு நல்ல சாக்கு.

எல்லாமே சீக்கிரம் பிடிபடும்னு சொல்ல மாட்டேன். செப்டம்பர் கடைசில ஆரம்பிச்சு ஏப்ரல் வரைக்கும் எங்க வேலிக்குள்ள "டக்... டக்..."னு ஒரு சத்தம், கூழாங்கல்லு ரெண்ட மெதுவா மோதவிட்ட மாதிரி, நேரம் விட்டு நேரம். எலை அசையும், ஆளு தெரியாது. பழம், தேன் பக்கம் பெரும்பாலும் போகாது, தரைக்கும் அதிகமா எறங்காது, வேலியோட வயித்துக்குள்ளயே பூச்சி பொறுக்கிட்டுப் போயிடும், அதனால என் சாப்பாட்டு வித்தை இதுகிட்ட பலிக்கல. ரெண்டு வருசம் அப்படியே போச்சு. மூணாவது வருசம் மழை பேஞ்சு விட்ட ஒரு காலைல எறகக் காய வைக்க வேலி மேல வந்து உக்காந்துச்சு, பிளைத் நாணல் கதிர்க்குருவி, வடக்க எங்கியோ முட்டையிட்டுட்டு குளிருக்கு இங்க வர்றது. ஒரு கோடு கெடையாது, ஒரு புள்ளி கெடையாது, காஞ்ச கோரைப்புல் கலரு. அம்மாவக் கூப்புட்டுக் காட்டுனேன். பாத்துட்டு, "இதுக்கா இத்தன நாளா வேலிய மொறைச்சுகிட்டு நின்ன"ன்னுட்டு துணி காயப்போடப் போயிட்டாங்க.