டிராம் தண்டவாளம் குறுக்கிடும் சந்திப்பில் சைக்கிள் ஓட்டுவது எப்படி?

கேள்வி: சென்னையிலிருந்து மேற்படிப்புக்காக எடின்பரோ வந்திருக்கிறேன். தங்கியிருப்பது லீத்தில். ஹேமார்க்கெட் பக்கம் பகுதிநேர வேலை. பஸ் செலவு மிச்சமாகுமே என்று பழைய ரேஸ் சைக்கிள் ஒன்று வாங்கினேன். போன வாரம் என் அறைத்தோழர் டிராம் தண்டவாளத்தில் சறுக்கி விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டார். டயரை அகலமாக மாற்றினால் போதுமா? வலப்பக்கம் திரும்ப வேண்டிய இடங்களில் என்ன செய்வது?

பதில்: டயரை மாற்றுவது நல்லதுதான். ஆனால் அது இரண்டாவது வேலை. தண்டவாளத்தை எந்தக் கோணத்தில் கடக்கிறீர்கள் என்பதை முதலில் சரிசெய்ய வேண்டும்.

ரோட்டில் பதித்த டிராம் தண்டவாளத்தில், டிராம் சக்கரத்தின் விளிம்பு ஓடுவதற்காக ஏறத்தாழ நான்கு சென்டிமீட்டர் அகலத்தில் ஓர் இடுக்கு இருக்கும். ரேஸ் சைக்கிள் டயர் பெரும்பாலும் 25 மில்லிமீட்டர்தான். அது அப்படியே உள்ளே இறங்கிவிடும். இறங்கிய பிறகு ஹேண்டில்பாரைத் திருப்ப முடியாது. நாம் சைக்கிளில் விழாமல் போவதே ஹேண்டில்பாரை இம்மி இம்மியாக அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் திருப்பிக்கொண்டிருப்பதால்தான். அது நின்றால் அடுத்த நொடி கீழே கிடப்போம். 40 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட டயர் போட்டால் உள்ளே இறங்கும் வாய்ப்பு குறையும். ஆனால் ஈரமான இரும்பில் எந்த டயரும் வழுக்கும். எடின்பரோ மழையைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

கோணத்துக்கு வருவோம். அமெரிக்காவின் நாக்ஸ்வில் நகரில் ரயில் பாதை ஒன்று சாலையைச் சாய்வாக வெட்டும் இடம் இருக்கிறது. டென்னசி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அங்கே கேமரா வைத்து, சைக்கிளில் வருபவர்கள் எப்படிக் கடக்கிறார்கள், எப்போது விழுகிறார்கள் என்று பார்த்தார்கள். 2017-இல் வெளியான அந்த ஆய்வின்படி, கோணம் 30 டிகிரிக்குக் கீழே போகும்போதுதான் ஆபத்து ஏறுகிறது. பிரிட்டனின் சாலை விதிநூல், தண்டவாளத்தை நேர் செங்குத்தாகக் கடப்பதே பாதுகாப்பு என்கிறது. ஆனால் ரோட்டில் எப்போதும் 90 டிகிரி கிடைக்காது. 60 டிகிரிக்கு மேல் கிடைத்தால் நிம்மதியாகப் போகலாம். 30-க்கும் 60-க்கும் நடுவே என்றால் மெதுவாக, ரோடு காய்ந்திருந்தால் மட்டும். அதற்கும் கீழே என்றால் இறங்கித் தள்ளிக்கொண்டு போங்கள். இதில் கௌரவம் பார்க்க ஒன்றுமில்லை. நம் ஊரில் சாய்வான ரயில்வே கேட்டில் பைக்கோடு விழுந்தவர்களைப் பார்த்திருப்பீர்கள். காரணம் இதேதான்.

சந்திப்புக்கு வந்த பிறகு கோணத்தை உண்டாக்க முடியாது. பத்துப் பதினைந்து மீட்டர் முன்பே அதற்கான வேலை தொடங்க வேண்டும். முதலில் தோளுக்கு மேல் திரும்பிப் பின்னால் பாருங்கள். கார் வராவிட்டால் கை காட்டி, தண்டவாளத்திலிருந்து சற்று விலகி, அப்புறம் அதை நோக்கித் திரும்புங்கள். திரும்புவதெல்லாம் இரும்பைத் தொடுவதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். இரும்பின் மேல் பிரேக் பிடிக்கக் கூடாது, அழுத்தி மிதிக்கக் கூடாது, உடம்பைச் சாய்க்கவும் கூடாது. பார்வை தண்டவாளத்தில் இல்லாமல் அதைத் தாண்டிப் போகப்போகிற இடத்தில் இருக்கட்டும்.

பலர் மறப்பது பின்சக்கரத்தை. முன்சக்கரம் தாண்டியதும் "அப்பாடா" என்று ஹேண்டில்பாரைத் திருப்பிவிடுகிறார்கள். பின்சக்கரம் வளைவை உட்பக்கமாக வெட்டிக்கொண்டு, இன்னும் சின்னக் கோணத்தில் தண்டவாளத்துக்கு வருகிறது. பின்சக்கரமும் தாண்டும்வரை நேராகவே போங்கள். இரண்டு தடங்கள் என்றால் நான்கு தண்டவாளங்கள். நான்காவதைத் தாண்டிய பிறகே திரும்பலாம்.

ஹேமார்க்கெட்டில் சிக்கல் என்னவென்றால், மேற்கு நோக்கிப் போகும்போது ரோட்டின் நடுவே நம்மோடு கூடவே வரும் தடம், ஸ்டேஷனை ஒட்டி இடப்பக்கம் வளைந்து டிராம் நிறுத்தத்துக்குள் போகிறது. நாம் நேராகப் போனாலே அதை மிகச் சாய்வாகக் கடக்க வேண்டியிருக்கும். ஓட்டுபவரின் தவறே தேவையில்லை, ரோட்டின் அமைப்பே விழவைக்கும். எடின்பரோவில் தண்டவாளத்தில் விழுந்து அடிபட்ட இருவர் தொடுத்த வழக்கில், 2019-இல் ஸ்காட்லாந்தின் உயர் சிவில் நீதிமன்றமான கோர்ட் ஆஃப் செஷன் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. ஹேமார்க்கெட்டில் சைக்கிளுக்கென்று போட்ட வண்ணப் பாதை முதலில் ஓரமாக ஒதுங்கி, பிறகு தண்டவாளத்தை நோக்கித் திரும்பும். சுற்று வழி போலத் தோன்றினாலும் அதிலேயே போங்கள். அந்த வளைவு கோணத்துக்காகப் போட்டதுதான். பின்னால் டாக்ஸி ஹாரன் அடித்தால் அடிக்கட்டும்.

வலப்பக்கம் திரும்புவதைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். இங்கும் நம் ஊர் போல இடப்பக்கம்தான் வண்டி ஓட்டுகிறோம். எனவே வலப்பக்கம் திரும்ப, ஓரத்திலிருந்து நடு லேனுக்கு நகர வேண்டும். அப்படி நகரும்போதுதான் தண்டவாளத்தை ஐந்து பத்து டிகிரியில் உரசிக் கடக்கிறோம். ஆகவே நகரவே வேண்டாம். இடது ஓரத்திலேயே நேராகப் போய்ச் சந்திப்பைத் தாண்டுங்கள். எதிர்ப்புறம், குறுக்குச் சாலையின் நிறுத்தக் கோட்டுக்கு முன்னால் இடம் இருந்தால் அங்கே சைக்கிளை வலப்பக்கமாகத் திருப்பி நிறுத்துங்கள். குறுக்குச் சாலைக்குப் பச்சை விழுந்ததும் அவர்களோடு நேராகப் போகலாம். நிறுத்த இடமில்லை என்றால் இறங்கி, பாதசாரிகளோடு கடந்துவிடுங்கள். ஒரு சிக்னல் கூடுதலாகக் காத்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஊரின் நடுவே டிராம் ஓடும் பிரின்சஸ் தெருவில் பஸ் பிரச்சினை தனி. முன்னால் பஸ் நிற்கும், ஓட்டமாகப் போகும்போது அதைச் சுற்றிப் போகத் தோன்றும். சுற்றினால் மறுபடி அதே சாய்வுக் கடப்பு, அதுவும் இரண்டு தடவை. பஸ்ஸுக்குப் பின்னால் நின்றுவிடுங்கள். ஓரத்துக்கும் முதல் தண்டவாளத்துக்கும் நடுவே இடம் குறுகிப்போகிற ரோட்டில், ஒரே தடத்தின் இரண்டு தண்டவாளங்களுக்கும் மத்தியில் ஓட்டுவது நல்லது. அங்கே கிட்டத்தட்ட ஒன்றரை மீட்டர் இருக்கும். அந்த இடத்துக்கு முன்கூட்டியே, சரியான கோணத்தில் மாறிவிட வேண்டும். டிராமுக்கு மட்டும் என்று பலகை இருக்கும் தடத்தில் மட்டும் நுழையாதீர்கள், அது சட்டப்படி தடை.

டிராமுக்கு வேறு சிக்னல் உண்டு, வெள்ளைக் கோடு கோடாக எரியும். அது உங்களுக்கானது இல்லை. எடின்பரோ டிராம் 42.8 மீட்டர் நீளம், ஒதுங்கத் தெரியாத வண்டி. ஒன்று போனதும் எதிர்த்தடத்தில் இன்னொன்று வருகிறதா என்று பார்த்துவிட்டுக் கடந்து போங்கள்.

இவ்வளவும் சொன்னாலும், உங்கள் வழிக்கு நான் பிரின்சஸ் தெருவைத் தேர்ந்தெடுக்க மாட்டேன். 2023-இல் டிராம் நியூஹேவன்வரை நீண்டபோது லீத் வாக் என்ற சாலையில் தனிச் சைக்கிள் பாதை வந்தது. அது கோணல்மாணலாக நெளிந்து ஊர் முழுக்கக் கேலிக்கு ஆளானது வேறு விஷயம். நடப்பவர்களும் அதில் வந்து நிற்பார்கள், மணி அடித்துக்கொண்டே போங்கள். பிகார்டி பிளேஸிலிருந்து செயின்ட் ஆண்ட்ரூ சதுக்கம், ஜார்ஜ் தெரு, மெல்வில் தெரு வழியாக ஹேமார்க்கெட் போகலாம். இதில் ஜார்ஜ் தெருவில் வண்டிகளோடு கலந்து ஓட்ட வேண்டும். தண்டவாளத்தோடு மல்லுக்கட்டுவதற்கு அது எவ்வளவோ தேவலை. ஞாயிற்றுக்கிழமை காலையில், ரோடு காலியாக இருக்கும்போது ஒருமுறை இந்த வழியை ஓட்டிப் பாருங்கள். எங்கெல்லாம் இரும்பு குறுக்கிடுகிறது, எங்கே இறங்க வேண்டும் என்பது அப்போதே தெரிந்துவிடும்.

மழை கொட்டுகிற நாளில், நெரிசல் நேரம் தவிர்த்து, சைக்கிளையே டிராமில் ஏற்றிக்கொள்ளலாம். அப்புறம் ஒன்று: எப்போதாவது விழுந்தால், அடி எங்கே என்று பார்ப்பதற்கு முன் முதலில் தடத்தை விட்டு வெளியே வாருங்கள். கையை ஊன்றி விழுந்து, கட்டைவிரல் அடியில் வலி விடாமல் இருந்தால், முதல் எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை என்று சொல்லியிருந்தாலும் சில நாளில் மறுபடி காட்டுங்கள். அங்குள்ள சின்ன எலும்பில் விழும் விரிசல் முதல் படத்தில் தெரியாமல் போவதுண்டு.