சிவனடியார் யாரென்று தெரிந்தவர்களும் தெரியாதவர்களும்

கேள்வி: ஒரு நாவலைக் குழந்தைகள் முதல் முதியவர்கள் வரை குடும்பமாகப் பார்க்கும் நாடகமாக மேடையேற்றினால் பார்வையாளர்கள் எப்படி எதிர்கொள்கிறார்கள்? நாவலைப் படித்தவர்களுக்கு ஏமாற்றம்தானே மிஞ்சும்?

பதில்:

படித்தவர்கள் குறை சொல்வார்கள். சொல்லட்டும். படிக்காதவர்களுக்காகத்தான் நாடகம் என்று முதலிலேயே முடிவு செய்துகொண்டால், படித்தவர்கள் சொல்லும் குறைகளையும் பொறுமையாகக் கேட்க முடியும். அவற்றில் பாதி உருப்படியாகவும் இருக்கும்.

நான் பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் இருப்பவன். எங்கள் சொந்தக்காரக் குடும்பங்கள் சில சேர்ந்து ஓர் ஓணம் விடுமுறையில், ஊர் வாசகசாலைக்கு முன்னால் பந்தல் போட்டு, கல்கியின் ‘பார்த்திபன் கனவு’ நாவலை நாடகமாக நடத்தினோம். அன்று பார்த்ததையும் அதற்குப் பிறகு கேட்டதையும் வைத்துத்தான் இந்தப் பதில். நாவலின் முடிச்சை அவிழ்க்காமல் இதை எழுத முடியாது. இனிமேல்தான் படிக்கப்போகிறீர்கள் என்றால் இங்கேயே நிறுத்திவிடுங்கள்.

எங்கள் ஊர் நிலைமையைச் சொன்னால்தான் மற்றவை புரியும். 1956 நவம்பர் 1 அன்று கேரளம் பிறக்கும் வரை பாலக்காடு சென்னை மாநிலத்தின் மலபார் மாவட்டத்தில் இருந்தது; எங்கள் சித்தூர்ப் பக்கம் முதலில் கொச்சியிலும் பிறகு திருவிதாங்கூர்-கொச்சியிலும் இருந்தது. என் அப்பத்தாளின் தலைமுறை தமிழ் படித்து வளர்ந்தது. 1941இல் ‘கல்கி’ இதழில் தொடங்கிய இந்தத் தொடரை அவர்கள் பிற்பாடு வாசகசாலைப் புத்தகமாகக் கைமாற்றிக் கைமாற்றிப் படித்தார்கள். பேரப்பிள்ளைகளில் பலர் மலையாளத்திலோ ஆங்கிலத்திலோ படிக்கிறார்கள். வீட்டில் தமிழ் சரளமாகப் பேசுவார்கள், எழுத்து தெரியாது. ஒரே வீட்டில் நாவலின் நாயகன் விக்கிரமனைப் பற்றி மணிக்கணக்கில் பேசக்கூடிய பாட்டியும், அந்தப் பெயரையே கேள்விப்படாத பேரனும் இருந்தார்கள். நாடகம் போட வேண்டும் என்று எங்களுக்குத் தோன்றியதற்குக் காரணம் இதுதான்.

முதல் சிக்கல் சிவனடியார். போர்க்களத்தில் உயிர் விடும் சோழ மன்னன் பார்த்திபனிடம், அவன் மகன் விக்கிரமனை வீரனாக வளர்ப்பதாக ஒரு சிவனடியார் வாக்குக் கொடுக்கிறார். பார்த்திபனை வென்ற பல்லவச் சக்கரவர்த்தி நரசிம்மவர்மர்தான் அந்தச் சிவனடியார் என்பது நாவலின் பெரிய ரகசியம். எழுத்தில் இதை மறைத்து வைக்கலாம். வாசகன் முகத்தைப் பார்ப்பதில்லை, குரலைக் கேட்பதில்லை. மேடையில் ஒரே ஆள் ஜடாமுடி வைத்துக்கொண்டு ஒருமுறை, கிரீடம் வைத்துக்கொண்டு ஒருமுறை வந்தால் மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரிந்துவிடும். இரண்டு பேரை நடிக்க வைத்தால் கடைசியில் வேடம் கலையும்போது ஏமாற்று வேலையாகிவிடும். நீண்ட வாக்குவாதத்துக்குப் பிறகு இரண்டு வேடத்தையும் பெரியப்பாவே செய்வது என்று தீர்மானித்தோம்.

எதிர்பார்த்தபடியே, சக்கரவர்த்தி முதல்முறை வாய் திறந்ததும் முன்வரிசைப் பையன் ஒருவன், இவர்தானே அந்தச் சாமியார் என்று உரக்கக் கேட்டான். பின்னாலிருந்த பெரியவர்கள் பதறிப்போய் அவனை அடக்கினார்கள். நாடகம் கெட்டது என்றுதான் அவர்கள் நினைத்தார்கள். எனக்கு அங்கேதான் நாடகம் பிடித்துக்கொண்டது. அதுவரை ‘இவர் யார்’ என்று இருந்த கேள்வி, ‘விக்கிரமனுக்கு இது எப்போது தெரியும்’ என்று மாறிவிட்டது. அதற்குப் பிறகு விக்கிரமன் சக்கரவர்த்தியைப் பழித்துப் பேசிய ஒவ்வொரு இடத்திலும் பிள்ளைகள் நெளிந்தார்கள். ஒரு சிறுமி மேடையைப் பார்த்து, அவர் உனக்கு நல்லதுதான் செய்கிறார் என்று கத்தினாள். நாவலைப் படித்தபோது எனக்குக் கிடைக்காத தவிப்பு இது. ரகசியத்தை இழந்து இதைப் பெற்றோம் என்றால், குடும்ப நாடகத்துக்கு இதுவே மேல் என்பேன்.

பெரியவர்களிடம் இன்னொன்றைக் கவனித்தேன். கதை தெரிந்தவர்கள் முக்கியமான இடம் வரும்போது மேடையை விட்டுவிட்டுப் பக்கத்திலிருந்த பிள்ளையின் முகத்தைப் பார்த்தார்கள். தாங்கள் முதன்முதலாகப் படித்தபோது அடைந்த வியப்பு அங்கே வருகிறதா என்று தேடினார்கள். படித்தவர்கள் ஏமாற்றம் அடைவார்களா என்று கேட்கிறீர்கள். தனியாக வந்தவர்கள் அடைந்தார்கள், பிள்ளைகளோடு வந்தவர்கள் அடையவில்லை.

அடுத்தது கபால பைரவர். நரபலி கேட்கும் ஒற்றைக் கைக் காபாலிகர். சின்னப் பிள்ளைகள் பார்க்கும் நாடகத்தில் இவரை வைப்பதா வேண்டாமா என்று வீட்டுப் பெண்களுக்குள் கடும் விவாதம் நடந்தது. இங்கே பகவதி கோயில்களில் அருள் வந்து ஆடும் வெளிச்சப்பாடு வாளால் நெற்றியில் வெட்டிக்கொண்டு வருவதைப் பிள்ளைகள் பார்த்தே வளர்கிறார்கள். ரத்தம் அவர்களுக்குப் புதிதல்ல. நாங்கள் ரத்தத்தைக் காட்டவில்லை, உடுக்கை ஒலியும் தீப்பந்தமும் மட்டும் வைத்தோம். மண்டையோட்டு மாலையைக் கண்டு யாரும் அழவில்லை. அந்த இல்லாத கைதான் அவர்களைக் கலங்கடித்தது. ஒரு தாய் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விட்டு, அது அடம்பிடித்ததால் திரும்பி வந்தார். நாடகம் முடிந்த பிறகு பிள்ளைகள் எங்களிடம் அதிகம் கேட்ட கேள்வி, அந்தக் கை எங்கே போயிற்று என்பதுதான். வாதாபிப் போரில் பல்லவத் தளபதி பரஞ்சோதி வெட்டினார் என்று ஒரு வரியில் சொன்னால் அவர்கள் விடுவதாக இல்லை. அதன் முழுக் கதை, பின்னால் எழுதப்பட்டாலும் கதைக் காலத்தில் முந்தையதான ‘சிவகாமியின் சபத’த்தில் இருக்கிறது. வாசகசாலையில் இப்போது ஞாயிற்றுக்கிழமைதோறும் அப்பத்தாள் அதைச் சத்தமாகப் படிக்கிறார். எழுத்து தெரியாத பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்து கேட்கிறார்கள். இரண்டு பேர் தமிழ் எழுத்துக் கற்கத் தொடங்கியிருக்கிறார்கள்.

நாடகத்திலும் அப்பத்தாள்தான் கதைசொல்லி. இந்த யோசனை எங்களுக்குக் கேரளத்தின் கதைப்பிரசங்கத்திலிருந்து, அதாவது ஒருவரே பாட்டும் பேச்சுமாகக் கதை சொல்லும் கலையிலிருந்து, கிடைத்தது. வி. சாம்பசிவன் டால்ஸ்டாயையும் ஷேக்ஸ்பியரையும் கோயில் திருவிழாக் கூட்டத்துக்குக் கதைப்பிரசங்கமாகச் சொல்லிக் கட்டிப்போட்டவர். மூன்று பாக நாவலை ஒரு மாலைக்குள் அடக்க வேண்டுமானால் விட்டுப்போன இடங்களை யாராவது வாயால் நிரப்பித்தான் ஆக வேண்டும். விக்கிரமன் செண்பகத் தீவுக்கு நாடு கடத்தப்பட்டு அரசனாகும் பகுதியை முழுக்க அவர் சொல்லியே கடந்துவிட்டார். ஒருவரும் குறை சொல்லவில்லை.

நான் எதிர்பாராதது மலையாளி அண்டைவீட்டாரின் கருத்து. பாலக்காட்டுச் சித்தூர்க் காவு என்னும் பகவதி கோயிலில் கும்ப மாதத்தில் கொங்கன் படை என்று ஒரு திருவிழா நடக்கும். படையெடுத்து வந்த கொங்கு மன்னனைப் பகவதியின் துணையோடு தோற்கடித்ததாகச் சொல்லப்படும் போரை ஊரே சேர்ந்து நடித்துக் காட்டுவார்கள். அதில் தமிழ் பேசும் எங்கள் முன்னோர் எதிரிப் படை! அந்தத் திருவிழாவில் பலமுறை வேடம் கட்டிய முதியவர் ஒருவர் நாடகம் முடிந்ததும் பெரியப்பாவிடம் வந்து, ஜெயித்த அரசன் தோற்றவன் பிள்ளையை வளர்க்கிறான், இப்படி ஒரு கதையை இத்தனை நாள் உங்களுக்குள்ளேயே வைத்துக்கொண்டிருந்தீர்களே என்றார். நாங்கள் எல்லோரும் இதைச் சோழனின் விடுதலைக் கனவாகவே படித்திருந்தோம். அவருக்கு அது பல்லவனின் கதை. அப்படிப் பார்த்தால் நாடகம் இன்னும் நன்றாக நிற்கிறது என்று இப்போது எனக்கும் தோன்றுகிறது.

குறைகள்? நிறையவே வந்தன. 1960இல் வந்த படத்தில் நரசிம்மவர்மராக எஸ்.வி.ரங்காராவ் நடித்ததைப் பார்த்த மாமா ஒருவர், பெரியப்பாவின் நடையில் அந்தக் கம்பீரம் போதவில்லை என்றார். நியாயம்தான். நாவலை நாடகமாக்குவதே அதைக் கெடுப்பது என்று ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் வாதிட்டார். இதை என்னால் ஏற்க முடியவில்லை. டி.கே.எஸ். சகோதரர்கள், அண்ணன் தம்பிகளாக நாடகம் நடத்திய ஒரு குடும்பம், வடுவூர் துரைசாமி ஐயங்காரின் ‘மேனகா’ நாவலை மேடையேற்றி, அது 1935இல் படமாகவும் வந்தது. ஜே.ஆர்.ரங்கராஜுவின் நாவல்களும் மேடை கண்டவைதான். புத்தகத்தைத் தொடாதவர்களிடம் நாவல் போய்ச் சேர அன்றைக்கு இருந்த பெரிய வழி மேடை. எங்கள் ஊரில் அந்தத் தேவை இன்னும் தீரவில்லை.

ஆனால் சித்திர மண்டபக் காட்சியில் அதே ஆசிரியர் எழுந்து நின்றுவிட்டதையும் சொல்ல வேண்டும். போருக்குப் போகும் முன் பார்த்திபன், தான் ரகசியமாகத் தீட்டி வைத்திருந்த சித்திரங்களை மகனுக்குக் காட்டும் இடம். கடல் கடந்து போகும் கப்பல்கள், அவற்றில் புலிக்கொடி. அந்தப் படங்களைப் பிள்ளைகளே வேட்டித் துணியில் வரைந்திருந்தார்கள். புலி பூனையைப் போலத்தான் இருந்தது. யாரும் சிரிக்கவில்லை.

குறைகளில் எனக்கு மிகவும் பயன்பட்டது அத்தை சொன்னது. மகனைப் பிரிந்த ராணி அருள்மொழி, தை அமாவாசையன்று காவிரி கடலில் கலக்கும் இடத்தில் அவனைக் கண்டதாக நினைத்து நீரில் இறங்கும் பகுதியை நேரம் கருதி நீக்கியிருந்தோம். வந்திருந்தவர்களில் பாதிப் பேர் பெண்கள். வேலைக்காகப் பெங்களூருக்கும் வளைகுடாவுக்கும் பிள்ளைகளை அனுப்பிவிட்டு இருப்பவர்கள் பலர். அவர்களுக்கான காட்சியையே வெட்டிவிட்டு வாள் சண்டைக்கு அவ்வளவு நேரம் கொடுத்தீர்களே என்று அத்தை கேட்டார். நீங்கள் நாடகம் போடுவதாக இருந்தால், எதை வெட்டுவது என்று முடிவு செய்யும் முன் பந்தலில் யார் உட்காரப்போகிறார்கள் என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள். அடுத்த ஓணத்துக்குச் சண்டையைக் குறைத்து அந்தக் காட்சியைச் சேர்க்கிறோம். அருள்மொழியாக அத்தையே நடிக்கிறார்.